சமதரை தேடிக் கல்குடாவுக்கு

எங்கள் வீட்டில் கீழே விழுந்த எதுவும் விழுந்த இடத்தில் கிடக்காது. வெங்காயம் விழுந்தால் வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்த்தான் நிற்கும். உருளைக்கிழங்கு என்றால் கீழ்வீட்டுக்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடு. மேலே வீதி, கீழே ஓடை, நடுவில் நாங்கள்.

இந்த வீட்டில் வளர்ந்த எங்கள் மகள் அபி இருபது மாதமாகியும் நடக்கவில்லை.

தவழ்ந்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். கையை விட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அவள் வயதுப் பிள்ளைகள் கோழி விரட்டிக்கொண்டு திரிந்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். "கால் கொஞ்சம் மெலிவா இருக்கோ?" என்றார் ஒருவர். "பொம்பளப் புள்ள, இப்பவே நல்ல டாக்டராப் பாத்துருங்க" என்றார் இன்னொருவர். பகலில் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அவள் தூங்கும்போது அந்தக் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் சுகுமார் பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்கா எங்களோடு இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவருக்கு வேலை. அபியும் பகலில் அங்கேதான். மற்றப் பிள்ளைகளையெல்லாம் பாயில் விடுகிற அண்ணி, தம்பி மகளை மட்டும் இடுப்பை விட்டு இறக்க மாட்டார். மாலையில் அந்த இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு, பிறகு சுகுமார் தோளுக்கு.

நுவரெலியாவில் காட்டிய பெண் டாக்டர் அபியின் இடுப்பை, முழங்காலை, பாதத்தை எல்லாம் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதமும் நடக்காவிட்டால் கண்டிக்கு அனுப்புகிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார் சிங்களத்தில். பிறகு, "பிள்ளையைத் தரையில் விடுகிறீர்களா?" என்று கேட்டார்.

அண்ணிக்குத்தான் எங்களில் நல்ல சிங்களம். "எங்கள் பக்கம் தரை ஏது டாக்டர்? மலைதானே இருக்கிறது" என்றார்.

டாக்டர் சிரித்தார். "அப்படியென்றால் தரை இருக்கிற இடத்துக்குக் கொஞ்ச நாள் கொண்டுபோங்கள்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, திரும்பி வரும் பஸ்ஸில் சுகுமார் அதைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கூட டிரெய்னிங்ல இருந்தாங்களே, அந்தப் புனிதா டீச்சர் வீடு கடல் பக்கம்தானே?"

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டோம்.

புனிதாவின் வீடு கல்குடாவில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பகல் முழுதும் பஸ்களில் உட்கார்ந்து, ஸ்வெட்டரை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவராகக் கழற்றிப் பைக்குள் திணித்து, கடைசியில் புளித்த தயிர் மாதிரி அங்கே போய் இறங்கினோம். "வாங்க கா, வந்து இரிங்க" என்று தன் ஊர்ப் பேச்சில் கூப்பிட்டபடி புனிதா வாசலுக்கே ஓடி வந்தாள். நாங்கள் கொண்டுபோன தேயிலையிலேயே தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். இஞ்சியும் சீனியும் அதில் தேயிலையைக் கொன்றிருந்தன. அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு என் காதில், "நாங்க மழையில நனஞ்சு பறிச்சது இங்க வந்து பாயசமாகுது பாரு" என்றார். ஆனால் இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டார்.

அன்று ராச்சாப்பாடு பிட்டும் பாரை மீன் குழம்பும். எங்கள் ஊருக்கு வந்து சேரும் மீனுக்கு எங்களைவிடப் பயண அனுபவம் அதிகம். புனிதா வீட்டு மீன் காலையில்தான் கடலில் இருந்ததாம். சுகுமார் பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிடுவது அபூர்வம்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து கடற்கரைக்குப் போனோம். எங்கள் தோட்டத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் எழுந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எங்களுக்கு முகம் காட்டும். இங்கே தண்ணீரிலிருந்து நேராக எழுந்து கண்ணில் குத்தியது. வலப்பக்கம் பார்த்தால் மணல், இடப்பக்கம் பார்த்தால் மணல். ஒரு மேடு இல்லை, ஒரு வளைவு இல்லை. அலைகூடச் சத்தம் போடாமல் வந்து போனது.

நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஏற்றம் ஏறுகிறவர்கள் போல உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு நடந்தோம். முழங்கால் தானாக மடங்குகிறது, மடங்கிய பிறகு ஏற ஒன்றும் இல்லை. "பிரேக்கும் வேணாம், கியரும் வேணாம் போலருக்கே" என்றார் சுகுமார்.

தூரமும் ஏமாற்றியது. எங்கள் ஊரில் எதிர்மலை வீட்டில் துணி காய்வது தெரியும், போய்ச்சேர ஒரு மணி நேரமாகும். ஆனால் பத்தடி முன்னால் போகிறவர் வளைவில் மறைந்துவிடுவார். இங்கே எதுவும் மறைவதில்லை. ஒரு நீலப் படகைக் குறிவைத்து நடந்தோம். நடந்தோம், நடந்தோம், படகு அங்கேயே இருந்தது. எதிரே புள்ளியாகத் தெரிந்த ஒரு மனிதர் வெகு நேரம் கழித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். அதற்குள் அவர் பழகிய ஆள் மாதிரி ஆகிவிட்டதால் நின்று பேசினோம். "இப்படி ஒரு ஊர்ல இருந்தா நல்லது செல்வி. மாமியார் வர்றது கண்ணுல பட்டதும் வீட்ட ஆற அமரக் கூட்டலாம்" என்றார் அண்ணி. கல்யாணமே செய்துகொள்ளாதவருக்கு மாமியார் கவலை.

இத்தனை சமதரைக்கு யாருக்காக வந்தோமோ அவள் தரையைத் தொட மறுத்தாள்.

நான் அபியைக் கக்கத்தில் பிடித்து மெல்ல இறக்கினேன். மணல் பாதத்தில் பட்டதும் இரண்டு கால்களையும் சுருட்டி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி ஈர மணலில் இறக்கிப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. சுகுமார் முயன்றார், அண்ணி முயன்றார். எங்கள் கைகளில் அந்தரத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு அழுதாள். கடைசியில் அண்ணியின் இடுப்பில் ஏறிய பிறகுதான் கடலை ஏறெடுத்துப் பார்த்தாள்.

போன பாதையிலேயே திரும்பி வந்தோம். சுகுமார் மட்டும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். எனக்குக் கண்டி ஸ்கேன் இயந்திரத்துக்குள் அபி தனியாகப் படுத்திருப்பது போல ஒரு படம் மனதில் வந்து, போகாமல் நின்றது.

புனிதா என் முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் சட்டித் தயிரில் இனிப்புப் பாணியை ஊற்றிக் கையில் தந்து, "மண் அதுக்குப் புதுசுதானே? ஒரு நாளையில பழகுமா? சும்மா இரி" என்றாள்.

இரண்டாம் நாள் நடப்பதற்குப் பதில் வண்டியில் கிளம்பினோம். புனிதாவின் தம்பி தன் ஆட்டோவைத் தந்திருந்தான். பாசிக்குடாப் பக்கம் கடல் வெகுதூரத்துக்கு இடுப்பளவுதான், குழந்தையை இறக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வண்டிச் சாரதி சுகுமார்தான். "நம்ம ஊர் வளைவுல ஓட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு ரோட்டா?" என்றவர், சுருக்கு வழி என்று நினைத்துக் கடற்கரை ஓரமாக வண்டியை விட்டார். ஒரு தென்னை மரத்தைத் தாண்டினோம், இரண்டாவது மரத்தைத் தாண்டினோம். மூன்றாவது மரத்தடியில் முன்சக்கரம் மணலுக்குள் இறங்கியது. அவர் முறுக்க முறுக்கப் பின்சக்கரங்களும் இறங்கின. ஆட்டோ வயிறு தரையில் பட, கன்று போட்ட மாடு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அண்ணியும் நானும் இறங்கித் தள்ளினோம். தலையெல்லாம் மணல். அபிக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். வண்டி உறுமும்போதெல்லாம் கைதட்டினாள்.

படகடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"எந்த ஊர்?"

"அக்கரப்பத்தனைங்க. ஹட்டன் பக்கம்."

"மலைநாடோ! மலையில ஓடுறவருக்கு மட்டமான தரையில ஓட ஏலாமப் போச்சே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சுகுமாரும் சிரித்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கட்டிலைத் தூக்குவது போல ஆட்டோவைத் தூக்கி வீதியில் வைத்தார்கள். நாங்கள் தேத்தண்ணீர் வாங்கித் தருகிறோம் என்றதற்கு மூத்தவர் வேண்டாமென்று கையசைத்தார். "நாளைக்குக் கரைவலை இழுக்கிறம். வந்து கயிறு பிடிங்க, அது போதும்."

பாசிக்குடாவில் கடல் சொன்னபடியே இருந்தது. பெரியவர்கள் வெகுதூரம் உள்ளே போய் நின்று, கரையில் நிற்கிறவர்களோடு கத்திப் பேசினார்கள். அபி தண்ணீரை ஏற்றுக்கொண்டாள். அதில் உட்காரவும் செய்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. மாலையில் கரையில் துணி விரித்து வடை சாப்பிட்டோம். அவள் துணியின் ஓரத்துக்குத் தவழ்ந்து போய், ஒரு விரலால் மணலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவள் போல.

மூன்றாம் நாள் காலை வலைக்குப் போனோம்.

கரைவலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாகப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுக்கிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி இழுக்கிறார்கள். சுகுமார் ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னொரு கூட்டத்தில் சேர்ந்தார். பெண் ஒருத்தி கயிறு பிடிப்பதைப் பார்த்து இளவட்டங்கள் குரலை உயர்த்திப் பாடினார்கள். அண்ணியும் விடவில்லை. அவர்கள் ஓர் அடி பாட, இவர் எங்கள் ஊர்க் காமன்கூத்துப் பாட்டில் ஓர் அடி பாடினார். இரண்டும் சேரவே இல்லை, ஆனால் கயிறு வந்தது.

நான் படகு நிழலில் துணி விரித்து, அபியைப் புனிதாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனேன். வலையின் மடி கரைக்கு வர வர, அதற்குள் வெள்ளி கொதிப்பது போல மீன் துள்ளியது. எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பார்த்தால் என் தோளோரம் புனிதாவும் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அபி எங்க?" என்றேன்.

"நீ தூக்கல்லயா?"

நான் முதலில் கடலைத்தான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு படகை, துணியை. துணி வெறுமையாக இருந்தது.

அங்கேதான் எதுவும் மறைவதில்லையே. கரையோரமாகத் திரும்பியதும் தெரிந்துவிட்டாள். ஈர மணலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் சட்டையில் ஒரு சின்ன உருவம். அவளுக்கு முன்னால் சாம்பல் நிறக் குருவிகள் கூட்டமாக அலையோரம் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. குருவிகள் ஓடும்போது அபி நடந்தாள். அவை நிற்கும்போது நின்றாள்.

அபி நடந்தாள்.

இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, கால்களை அகட்டி வைத்து, ஒவ்வோர் அடியையும் ஓங்கி மிதித்து நடந்தாள். வலப்பக்கம் நாலடி தள்ளிக் கடல்.

நான் ஓடினேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்து நிறுத்தியது. கயிற்றைப் போட்டுவிட்டு வந்த அண்ணி. அந்தக் கை சூடாக இருந்தது.

"கத்தாத. கூப்பிட்டா திரும்புவா, திரும்புனா விழுவா. விடு."

"கடல் அண்ணி…"

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். விடு செல்வி."

சொன்னாரே தவிர, அவரும் என் தோளை விடாமல் ஓரடி ஓரடியாக முன்னால் நகர்ந்தார். சுகுமார் எங்களைப் பார்த்தார், நாங்கள் பார்க்கும் பக்கம் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டு அப்படியே மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

அபிக்கு முன்னால் ஒரு சிங்களக் குடும்பம் கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றது. அந்தத் தாய் எங்களைப் பார்த்தார். இத்தனை பேர் வாயடைத்து நிற்பதையும் ஒரு குழந்தை தனியாக வருவதையும் பார்த்தவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தூக்க ஓடி வரவில்லை. மெதுவாக நகர்ந்து குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில் போய், குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வேலி மாதிரி விரித்துக்கொண்டார். அபி தன்னைக் கடந்து போகும்போது, அவள் கவனம் கலையக் கூடாதென்று, தன் கையில் இருந்த பிஸ்கட்டைக்கூட அவர் நீட்டவில்லை. குருவிகள் கூட்டமாகப் பறந்த பிறகுதான் அவள் நின்றாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். பார்த்தபடியே பொத்தென்று உட்கார்ந்தாள்.

அதன் பிறகு யார் முதலில் போய்ச் சேர்ந்தோம் என்று நினைவில்லை. அவளைத் தூக்கினேன், அவள் கால்களில் முத்தம் கொடுத்தேன், வாயெல்லாம் உப்பும் மணலும். சுகுமார் அழுதார். அண்ணி, "என் தங்கம், அத்தைய விட்டுட்டுக் குருவி பின்னாடி போயிட்டியா" என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதார்.

அந்தச் சிங்களத் தாய் அருகில் வந்து, "நடக்கத் தொடங்கி எவ்வளவு நாள்?" என்று கேட்டார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "இப்போதுதான்."

"இப்போது என்றால்?"

"இப்போது என்றால் இப்போது."

அவர் தன் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். கணவர் வலைக்காரர்களிடம் அரைத் தமிழில் சொன்னார். வலைக்காரர்களில் மூத்தவர், பிடிபட்ட மீனைப் பாடு பிரிக்கும்போது கீரி மீனில் ஒரு கூடையை எங்கள் பக்கம் தள்ளினார். "இது அந்தப் புள்ளட பங்கு. கயிறு பிடிக்காட்டியும் பரவாயில்ல." புனிதா வீட்டில் அன்று பொரியல், குழம்பு, சொதி எல்லாமே அபியின் மீன்.

கண்டிக்குப் போக வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டாக்டர் பின்னர் அவள் நடையைப் பார்த்துவிட்டு, கண்டிக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அடுத்து வந்த நாட்களில் நாங்கள் நடந்த நடைகள்தான் என் வாழ்நாளில் நான் நடந்தவற்றிலேயே சுலபமானவை, மெதுவானவையும்கூட. அபி இடுப்பை மறந்துவிட்டாள். தூக்கினால் வில்லாக வளைந்து கத்தினாள். அவள் நடக்கும் வேகத்தில் நான்கு பேர் நடந்தோம். ஒரு சிப்பிக்கு நின்றோம். ஒரு நண்டு வளைக்கு முன்னால் எல்லாரும் வட்டமாகக் குந்தினோம், நண்டு வரும்வரை. அந்த நீலப் படகுக்கு ஒரு முழுக் காலைநேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஐஸ்கிரீம் சைக்கிள்காரர் எங்களுக்காகவே காத்திருந்தது போலத் தோன்றியது. "தூரத்துல வரக்குள்ளயே கண்டுட்டன், நாலு பேர் எண்டு" என்றார். விழுந்தாலும் மணல், உட்கார்ந்தாலும் மணல். பின்னால் கை நீட்டிக்கொண்டு ஓட யாருக்கும் அவசியமில்லை. சும்மாவே வீசி நடந்த என் கைகளை என்ன செய்வதென்று முதலில் எனக்குத் தெரியவில்லை. பிறகு சுகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்க எங்களுக்குப் பாதையின் அகலமும் போதாது, துணிச்சலும் போதாது. அண்ணி பார்த்தும் பாராதவராக முன்னால் நடந்தார்.

புறப்படும் நாளன்று புனிதா வீதிவரை வந்தாள். பை நிறையக் கருவாடு கட்டியிருந்தாள். பஸ் வருவது வெகு தூரத்திலேயே தெரிந்தது. சுகுமார் பைகளைத் தூக்கினார். நான் அபியைத் தூக்கப் போனேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள். மர நிழலிலிருந்து தார் வீதியை நோக்கித் தானே நடக்கத் தொடங்கினாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். பிறகு யாரை அவசரப்படுத்துகிறோம் என்பதைக் கண்டுகொண்டார். வாயை மூடிக்கொண்டார்.

சாரதி எட்டிப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. "வா வா வா" என்று ஒரு பெண் தமிழில் கூப்பிட்டாள். பின்னாலிருந்து ஒருவர் சிங்களத்தில், "அவசரப்படுத்தாதீர்கள், மெதுவாக வரட்டும்" என்றார். அபி ஒரு தடவை விழுந்தாள். பஸ் முழுதும் 'ஐயோ' என்றது. எழுந்தாள். உள்ளங்கைகளைப் பார்த்துச் சட்டையில் தேய்த்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

மிதிபலகைக்கு வந்ததும் அது தன் மார்பளவு உயரம் என்று கண்டாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டரைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள். அவர் அவளை அள்ளி எடுத்து, தலைக்கு மேலே ஒரு தடவை உயர்த்தி எல்லாருக்கும் காட்டி, முன் இருக்கையில் உட்கார வைத்தார். பஸ் கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் கம்பியில் தட்டி, "ஹரி, யமு!" என்று சிங்களத்தில் சாரதியைப் போகச் சொன்னார்.

பஸ் புறப்பட்டது.

நாங்கள் மூன்று பேரும் பைகளோடும் கருவாட்டோடும் வாயைப் பிளந்தபடி வீதியோரத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். முதலில் விழித்துக்கொண்டவர் அண்ணிதான். "டேய் சுகு, பஸ்ஸு!" என்று கத்தினார். ஓடினோம். நல்ல வேளை, தரை சமமாக இருந்தது.